குடியை நிறுத்த மருந்து இருக்கிறது: முதன்முறை சிகிச்சைக்குப் போகிறவருக்கும் வீட்டாருக்கும்

"மனசு வைத்தால் விட்டுவிடலாம்" என்று சொல்லிச் சொல்லியே பல வீடுகளில் பத்து, பதினைந்து வருடம் ஓடிவிடுகிறது. நடுவில் கோவிலில் கயிறு கட்டியிருப்பார்கள், பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருப்பார்கள், மாமனார் வீட்டுப் பஞ்சாயத்தும் நடந்திருக்கும். ஆனால் குடிநோய்க்கு மாத்திரை இருக்கிறது, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலேயே அதற்குச் சிகிச்சை தருகிறார்கள் என்ற செய்தி மட்டும் அந்த வீட்டுக்குள் வந்திருக்காது. டெல்லி எய்ம்ஸின் போதைச் சிகிச்சை மையம் நாடு முழுக்க நடத்தி 2019-ல் வெளிவந்த ஆய்வு சொல்வது இது: குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையோ உதவியோ பெறுகிறார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுகிறவர் 180 பேருக்கு ஒருவர்.

நான் மருத்துவர் இல்லை. குடும்பத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு இந்தப் படிகளில் ஏறி இறங்கியவன். இந்த வழியில் புதிதாகக் கால் வைப்பவருக்கு எது முதலில், எது அடுத்து, எங்கே ஆபத்து என்று சொல்லவே இதை எழுதுகிறேன். மருந்தின் அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இதைப் படித்துவிட்டு மருந்துக்கடைக்குப் போய்விடாதீர்கள்.

யாருக்கு இது தேவை

வாரம் ஒருமுறை நண்பர்களோடு குடிப்பவருக்கும், காலையில் கை நடுங்காமல் இருப்பதற்காகவே குடிப்பவருக்கும் சிகிச்சை ஒன்றல்ல. இரண்டாமவரைத்தான் இங்கே மனதில் வைத்திருக்கிறேன். அடையாளம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. எழுந்ததும் கை நடுங்கும், டீ தம்ளரைப் பிடித்தால் தளும்பும். ஒரு கட்டிங் உள்ளே போனதும் நடுக்கம் நின்றுவிடும். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத்தான் திறக்கும் என்பதால் முதல் நாளே ஒரு குவார்ட்டர் வாங்கி பைக் பெட்டியிலோ பரணிலோ வைத்திருப்பார். இது உங்கள் வீட்டில் நடக்கிறதென்றால், அவருடைய உடம்பு மதுவுக்குப் பழகி அதைச் சார்ந்துவிட்டது. பெண்களுக்கும் இது வருகிறது. வெளியே சொல்லத் தயங்கித் தயங்கி அவர்கள் இன்னும் தாமதமாகத்தான் வருகிறார்கள்.

முதல் எச்சரிக்கை: நாளையிலிருந்து நிறுத்துகிறேன் என்று நிறுத்த வேண்டாம்

கேட்க விசித்திரமாக இருக்கும். குடியை நிறுத்தச் சொல்ல வேண்டிய கட்டுரை, சட்டென்று நிறுத்தாதே என்கிறது. ஆனால் இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

மது மூளையை மந்தப்படுத்தும். தினமும் குடித்தால் அந்த மந்தத்தை ஈடுகட்ட மூளை தன் பரபரப்பைக் கூட்டிவைத்துக்கொள்கிறது. திடீரென்று மது நின்றால் மந்தம் போய்விடும், பரபரப்பு மட்டும் மிஞ்சும். கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு மூளைக் குழப்பம் வரும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், போர்வையிலிருந்து இல்லாத நூலைப் பிரித்தெடுப்பார், யாரோ வெட்ட வருகிறார்கள் என்று கதவைச் சாத்துவார். எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே தெரியாது, காய்ச்சலும் அடிக்கும். இதைப் பார்த்துத்தான் ஜன்னி கண்டுவிட்டது என்றும் காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்றும் மந்திரிக்கக் கூட்டிப் போகிறார்கள். சிகிச்சை கிடைக்காவிட்டால் இந்த நிலையில் உயிர் போகலாம். வலிப்போ குழப்பமோ வந்தால் வேறு எங்கும் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டு அன்றோடு பாட்டிலை விடுவது நம் ஊர் வழக்கம். அந்த நம்பிக்கை பெரிய பலம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தினமும் குடிக்கிறவர் மாலை போடுவதற்கு ஒரு பத்து நாள் முன்பே மருத்துவரிடம் போய், மாத்திரையின் துணையோடு நிறுத்திவிட்டு, அப்புறம் விரதத்தைத் தொடங்கட்டும். மாலை போட்ட இரண்டாம் நாள் வலிப்பு வந்து விழுந்தால் சாமி குத்தம் என்று பேச நாலு பேர் இருப்பார்கள். உண்மையில் அது மது நின்றதால் வந்த வலிப்பு.

இன்னொரு இடத்திலும் இது மறைந்து வரும். கால் முறிந்தோ நெஞ்சுவலி என்றோ ஒருவரை மருத்துவமனையில் சேர்த்திருப்பீர்கள். அங்கே அவருக்குக் குடி கிடைக்காது. மூன்றாம் நாள் இரவு சம்பந்தமில்லாமல் உளறி, டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்குவார். அதனால் எந்த நோய்க்குச் சேர்த்தாலும், சேர்க்கும்போதே "இவர் தினமும் இவ்வளவு குடிப்பார், கடைசியாக இத்தனை மணிக்குக் குடித்தார்" என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மானம் போகுமே என்று மறைக்கிற இடம் இது இல்லை.

மருத்துவரைப் பார்க்க இரண்டு நாள் ஆகும் என்றால்? அதுவரை வழக்கமான அளவை மீறாமல் இருக்கட்டும், ஒரேயடியாகவும் நிறுத்த வேண்டாம். சாப்பாட்டையும் தண்ணீரையும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவது, கையில் என்ன வேண்டும்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எதுவானாலும் மனநலப் பிரிவு இருக்கும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநல மருத்துவர் பார்க்கிறார். ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில் "மனநலப் பிரிவு" என்று சொன்னால் போதும். பைத்தியத்துக்குப் பார்க்கிற இடம் என்று அவர் முரண்டு பிடிக்கலாம். "தூக்கம் வரவில்லை, கை நடுங்குகிறது, அதற்குத்தான் போகிறோம்" என்று சொல்லிப் பாருங்கள், அதில் பொய் எதுவும் இல்லை. சென்னையில் 1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இந்த ஒரு நோய்க்கென்றே இயங்குவது. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும், பெங்களூரு நிம்ஹான்ஸிலும் இதற்குத் தனிப் பிரிவு உண்டு. எங்கே போவதென்றே தெரியாவிட்டால் 14446-க்கு அழையுங்கள். அது மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண். மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். இரண்டுக்கும் கட்டணமில்லை.

போகும்போது அவர் சாப்பிடும் மற்ற மாத்திரைகளை அட்டையோடு எடுத்துப் போங்கள். பழைய சீட்டுகள், ஸ்கேன் ஏதும் இருந்தால் அவையும் வேண்டும். முன்பு வலிப்பு வந்திருக்கிறதா, ரத்த வாந்தி எடுத்தாரா, கண் மஞ்சளானதா, கஞ்சா, தூக்க மாத்திரை, வலி மாத்திரை ஏதும் உண்டா என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் அந்தக் கூட்டத்தில் மறக்காது. அளவைச் சொல்லும்போது குறைத்துச் சொல்ல வேண்டாம். "கொஞ்சமா சாப்பிடுவார் சார்" என்றால் டாக்டர் கொஞ்சமாகத்தான் மருந்து தருவார், இரவில் வலிப்பு வரும். குவார்ட்டர் கணக்கில் சொல்லுங்கள், அவர்களுக்குப் புரியும்.

டாக்டர் முதலில் இரண்டு கையையும் முன்னால் நீட்டி விரல்களை விரிக்கச் சொல்வார். நாக்கை நீட்டச் சொல்வார், நாக்கிலும் நடுக்கம் தெரியும். கண்ணின் கீழ் இமையை இழுத்து மஞ்சள் இருக்கிறதா என்று பார்ப்பார், வயிற்றை அமுக்கிப் பார்ப்பார். நாடி, ரத்த அழுத்தம், அப்புறம் கல்லீரல், சிறுநீரகம், சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை. எந்த மருந்து கொடுக்கலாம், எது கூடாது என்பதைக் கல்லீரலும் சிறுநீரகமும்தான் முடிவு செய்கின்றன. அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள்.

முதல் ஒரு வாரம்

இந்த வாரத்தின் நோக்கம் ஒன்றுதான்: வலிப்போ குழப்பமோ வராமல் மதுவை உடம்பிலிருந்து வெளியேற்றுவது. அதற்குப் பெரும்பாலும் குளோர்டையசெபாக்சைடு என்ற மாத்திரையைத் தருவார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் லோராசெபாம். மது தந்துகொண்டிருந்த மந்தத்தை இந்த மாத்திரை பாதுகாப்பான அளவில் தரும், பிறகு நாளுக்கு நாள் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிடுவார்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே குடித்தால் மூச்சு அடங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. வாரம் முடிந்தபின் "நல்லாத் தூக்கம் வந்ததே" என்று இதையே தொடர்ந்து வாங்கிப் போட்டால் இதற்கே அடிமையாகிவிடுவார். மாத்திரை அட்டை வீட்டார் கையில் இருக்கட்டும். இந்த நாட்களில் வண்டி ஓட்டக் கூடாது.

இதோடு தயமின் என்ற பி1 வைட்டமினும் தருவார்கள். வெறும் சத்து ஊசி என்று அலட்சியம் செய்ய வேண்டாம். குடிப்பவர் உடம்பில் தயமின் வறண்டுபோயிருக்கும். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால், இருக்கிற கொஞ்சமும் செலவாகி மூளையில் பாதிப்பு வரலாம். கண் சரியாக அசையாது, நடை தள்ளாடும், பிறகு ஞாபகசக்தியே நிரந்தரமாகப் போய்விடலாம். "ரொம்பச் சோர்வா இருக்கார், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்று தெருமுனை கிளினிக்கில் படுக்க வைப்பது நம் ஊரில் சாதாரணம். எங்கே டிரிப்ஸ் போட்டாலும் இவர் குடிப்பவர், தயமின் போட்டுவிட்டீர்களா என்று கேளுங்கள்.

வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாமா, சேர்க்க வேண்டுமா? முன்பு வலிப்பு அல்லது குழப்பம் வந்தவர், மஞ்சள் காமாலை உள்ளவர், வயதானவர், கூட ஆள் இல்லாதவர், தற்கொலை எண்ணம் சொல்கிறவர் ஆகியோரைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு மருத்துவர் வீட்டிலேயே மாத்திரை கொடுத்து, ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை வரச் சொல்லக்கூடும்.

ஒரு வாரம் கழித்துத்தான் சிகிச்சை தொடங்குகிறது

இங்கேதான் பெரும்பாலான குடும்பங்கள் கைவிடுகின்றன. நடுக்கம் நின்றது, முகம் தெளிந்தது, இட்லி சாப்பிடுகிறார், "சரியாயிட்டார்" என்று கூட்டி வந்துவிடுகிறார்கள். சம்பள நாள் வருகிறது, பழைய சினேகிதன் போன் செய்கிறான், அவ்வளவுதான். முதல் வார மருந்து உடம்பைச் சரி செய்ததே தவிர, ஆசையைத் தொடவே இல்லை. ஆசைக்கு வேறு மருந்துகள். அவற்றை எழுதித் தராமல் டிஸ்சார்ஜ் செய்தால், "திரும்பக் குடிக்காமல் இருக்க மாத்திரை உண்டா?" என்று நீங்களே கேட்டு வாங்குங்கள்.

நால்ட்ரெக்சோன். நாளுக்கு ஒன்று, பொதுவாக 50 மி.கி. குடித்தால் மூளையில் கிடைக்கும் அந்தக் குஷியை இது மங்கச் செய்கிறது. முதல் ரவுண்டுக்குப் பிறகு இன்னொன்று, இன்னொன்று என்று இழுக்கிற வேகம் குறைகிறது. இதைச் சாப்பிடும்போது தவறிக் குடித்துவிட்டாலும் ஆபத்தான எதிர்வினை வராது, அது பெரிய வசதி. கல்லீரல் மிகவும் கெட்டிருந்தால் தர மாட்டார்கள். முக்கியமாக, டிரமடால், டேபென்டடால், மார்பின் போன்ற வலி மருந்து எடுப்பவருக்கு இதைக் கொடுக்கவே கூடாது. அந்த வலி மருந்துக்கு அடிமைப்பட்டவருக்கு உடனே கடுமையான விலகல் அவதி, அதாவது பழகிய மருந்து சட்டென்று நின்றால் உடம்பு படும் பாடு, தொடங்கும். இதை எடுப்பவருக்கு அறுவை சிகிச்சை வந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும், அந்த வகை வலி மருந்துகள் வேலை செய்யாது. "நால்ட்ரெக்சோன் எடுக்கிறேன்" என்று ஒரு சீட்டு பர்ஸில் இருப்பது நல்லது, விபத்தில் அடிபட்டால் உதவும்.

அகாம்ப்ரோசேட். 333 மி.கி. மாத்திரை இரண்டு, ஒரு நாளைக்கு மூன்று வேளை. கல்லீரல் பாதித்தவருக்கும் கொடுக்கலாம், சிறுநீரகம் பாதித்தவருக்குத்தான் ஆகாது. குடியை நிறுத்தியபின் வாரக்கணக்கில் இருக்கும் இனம் புரியாத பதற்றத்தையும் தூக்கக் கெடுதலையும் இது தணிக்கிறது. சிலருக்கு வயிற்றுப்போக்கு வரும், பெரும்பாலும் தானே அடங்கும். ஆறு மாத்திரை என்பதால் மதிய வேளையை மறப்பார்கள். சாப்பாட்டு டப்பாவோடு மத்தியான மாத்திரையையும் வைத்தனுப்பினால் மறக்காது. நால்ட்ரெக்சோனையும் இதையும் 2023-ல் உலக சுகாதார நிறுவனம் குடிநோய்க்கான மருந்துகளாகத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஏதோ புதிதாகச் சோதித்துப் பார்க்கும் மருந்து என்று யாராவது பயமுறுத்தினால் இதைச் சொல்லுங்கள்.

பேக்லோஃபென் என்று ஒன்றும் எழுதித் தருவதுண்டு, பெரும்பாலும் கல்லீரல் சுருங்கியவர்களுக்கு. தூக்கம் தள்ளும். சட்டென்று நிறுத்தக் கூடாது.

கடைசியாக டைசல்ஃபிராம். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இதைத்தான் அதிகம் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். ரப்பர் தொழிலில் பயன்பட்ட பொருள் இது. 1940-களில் டென்மார்க்கில் ஹால்ட், யாகப்சன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், இதைச் சாப்பிட்டவர்களுக்கு மது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டார்கள். மது உடம்பில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சாக மாறி, பிறகு அதுவும் உடைந்து வெளியேறும். அந்த இரண்டாவது கட்டத்தை இந்த மாத்திரை நிறுத்திவிடுகிறது. அதனால் மேலே குடித்தால் கொஞ்ச நேரத்திலேயே முகம் சிவக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் இறங்கும். இதயம் பலவீனமானவருக்கு உயிருக்கே ஆபத்து. மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும் இந்த எதிர்வினை வரலாம்.

முழுச் சம்மதத்தோடு, "குடித்தால் இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும், அந்தப் பயம் எனக்கு வேண்டும்" என்று சொல்பவருக்கு, தினமும் காலையில் மனைவியோ அம்மாவோ எதிரில் நின்று கொடுத்தால் இது நன்றாகவே வேலை செய்கிறது. கடைசியாகக் குடித்துக் குறைந்தது 12 மணி நேரம் கழித்துத்தான் தொடங்க வேண்டும். மது கலந்த எதுவும் ஆகாது. சில இருமல் டானிக், கையில் தடவும் சானிடைசர், சவரத்துக்குப்பின் போடும் லோஷன், நம் வீடுகளில் இருக்கும் தசமூலாரிஷ்டம், திராட்சாரிஷ்டம் எல்லாம் இதில் அடக்கம். அரிஷ்டம் புளிக்கவைத்துச் செய்வது, அதில் இயற்கையாகவே மது உண்டு.

இதைச் சாம்பாரிலோ காபியிலோ தெரியாமல் கலந்து கொடுப்பது மட்டும் கூடவே கூடாது. "குடிகாரருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்" என்று விளம்பரம் செய்து விற்கிற பொடிகளையும் வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. அவர் வழக்கம்போல ஒரு குவார்ட்டரை ஒரே மூச்சில் அடித்துவிட்டுச் சாலையில் மயங்கி விழுந்தால், எதனால் விழுந்தார் என்று டாக்டருக்குச் சொல்லக்கூட ஆளிருக்காது. விஷயம் தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவர் சோறு சாப்பிடப் பயப்படுவார், மாத்திரையைக் கண்டாலே சண்டை வரும். கலந்து கொடுக்க நினைக்கிற அம்மாக்களின் தவிப்பு எனக்குப் புரிகிறது. அவர் வராவிட்டால் நீங்கள் மட்டுமாவது மனநல மருத்துவரைப் போய்ப் பாருங்கள். அவரிடம் எப்போது பேசுவது, எப்படிப் பேசுவது, பணத்தை யார் கையில் வைப்பது என்று சொல்லித் தருவார்கள்.

எவ்வளவு காலம் சாப்பிடுவது? குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம். நிறுத்துவதை மருத்துவர் சொல்லட்டும். மாத்திரையோடு ஆலோசகரிடம் பேசுவதும், ஊரில் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்ற, குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் கூட்டம் நடந்தால் அங்கே போவதும் சேர்ந்தால் பலன் கூடும். ஏ.ஏ. கூட்டத்தில் யாராவது "மாத்திரை எடுத்தால் அது உண்மையான விடுதலை இல்லை" என்று சொன்னால் அதைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

சறுக்கினால்

பலர் ஒருமுறையாவது சறுக்குவார்கள். அன்று வீட்டில் நடக்கிற சண்டையில்தான் மருந்துச் சீட்டு கிழிகிறது. நால்ட்ரெக்சோனோ அகாம்ப்ரோசேட்டோ என்றால் மறுநாள் மாத்திரையை வழக்கம்போல் கொடுங்கள், அடுத்த ஓ.பி. நாள் வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். டைசல்ஃபிராம் எடுக்கும்போது குடித்துவிட்டால் வேடிக்கை பார்க்காமல் உடனே மருத்துவமனை. பல நாள் தொடர்ந்து குடித்துவிட்டார் என்றால் மறுபடி முதல் வாரச் சிகிச்சையிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாம் முறை தானாக நிறுத்துவது முதல் முறையைவிட ஆபத்தானது. விலகல் ஒவ்வொரு முறையும் கடுமையாகிக்கொண்டே போகும்.

வலி மாத்திரை, ஊசி, ஹெராயின்

தமிழ்நாட்டில் இப்போது இளைஞர்களிடம் பரவியிருப்பது டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகள். கரைத்து ஊசியாகவும் போட்டுக்கொள்கிறார்கள். ஹெராயினும் இதே ஓபியாய்டு குடும்பம்தான், அதாவது அபின் போல் வேலை செய்பவை. நிறுத்தினால் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிவு, வயிற்றுப்போக்கு, எலும்பு முறிவது போன்ற உடல்வலி, தூக்கமே இல்லாத இரவுகள். குடியை நிறுத்தினால் வரும் குழப்பத்தைப் போல இது நேரடியாகக் கொல்வது அரிது. ஆனால் தாங்க முடியாமல் திரும்ப ஓடுவார்கள்.

இங்கே சிகிச்சையின் தர்க்கமே வேறு. பத்து நாள் சேர்த்துச் சுத்தம் செய்து அனுப்புவது மட்டும் இவர்களுக்கு உதவாது, ஆபத்தையே கூட்டும். பழகிய உடம்பு தாங்கிய அளவை, பழக்கம் விட்ட உடம்பு தாங்காது. வெளியே வந்து பழைய அளவை ஏற்றிய முதல் நாளே மூச்சு நின்று போகிறவர்கள் உண்டு. அதனால் உலகெங்கும் முதன்மைச் சிகிச்சை, பியூப்ரெனார்ஃபின் அல்லது மெதடோன் என்ற மருந்தை நீண்ட நாள் மேற்பார்வையில் கொடுப்பது. இரண்டும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசியப் பட்டியலில் இருக்கின்றன. ஊசி போடுபவர்களுக்கு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் திட்டத்தின் கீழ் நடக்கும் மையங்களில் இதை இலவசமாகவே தருகிறார்கள். அங்கேயே எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பரிசோதனைக்கும் வழி சொல்வார்கள்.

பியூப்ரெனார்ஃபினோடு, ஓபியாய்டை முறிக்கும் மருந்தான நலோக்சோன் நாலுக்கு ஒரு பங்கு சேர்ந்த மாத்திரைதான் பரவலாகத் தருவது. நாக்கின் அடியில் வைத்துக் கரையவிட வேண்டும். ஐந்து, பத்து நிமிடம் பேசக் கூடாது, எச்சிலை விழுங்கக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது. விழுங்கிவிட்டால் மருந்து வீண். நாக்கடியில் கரையும்போது நலோக்சோன் வேலை செய்யாது, கரைத்து ஊசியாகப் போட்டால்தான் வேலை செய்து விலகல் அவதியைக் கிளப்பும். தவறாகப் பயன்படுத்தாமல் இருக்கவே அதைச் சேர்த்திருக்கிறார்கள்.

முதல் மாத்திரைக்கு நேரம் மிக முக்கியம். முந்தைய போதை உடம்பில் இருக்கும்போதே இதைக் கொடுத்தால், அதைத் தள்ளிவிட்டு இது இடம் பிடிக்கும், ஆனால் அந்த அளவு வேலை செய்யாது. உடனே கடுமையான விலகல் வரும். அதனால் கடைசியாக எடுத்து 12 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகி, கொட்டாவியும் மூக்கொழுகலும் தொடங்கியபின் மருத்துவமனையில் வைத்தே முதல் மாத்திரை தருவார்கள். கடைசியாக எடுத்த நேரத்தைப் பொய் சொன்னால் அவதிப்படுவது அவர்தான்.

"ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள். பியூப்ரெனார்ஃபின் ஒரு அளவுக்கு மேல் போதை ஏற்றாது, மூச்சை அடக்கும் வேகமும் அதோடு நின்றுவிடும். நாள் முழுக்க ஒரே சீராக இருக்கும். தினமும் திருடவும் ஊசி தேடவும் ஓடிக்கொண்டிருந்த பையன் காலையில் மாத்திரை போட்டுவிட்டு வேலைக்குப் போகிறான் என்றால் அவன் சிகிச்சையில் இருக்கிறான். சீக்கிரம் நிறுத்துங்கள் என்று டாக்டரை நெருக்காதீர்கள், வருடக்கணக்கில் போகலாம். மாத்திரையின் மேல் மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மட்டும் மூச்சுக்கு ஆபத்து, அதைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

அளவு மீறினால் கண்மணி ஊசிமுனை போல் சுருங்கும், மூச்சு மெதுவாகும், குறட்டை போல் ஒரு சத்தம் வரும், உதடு நீலமாகும். 108-ஐ அழைத்து, ஓபியாய்டு எடுத்தவர் என்று சொல்லுங்கள். அதற்கு நலோக்சோன் ஊசி மாற்று மருந்து. வண்டி வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வைத்து மூச்சைக் கவனியுங்கள், மூச்சு நின்றால் செயற்கை மூச்சு கொடுங்கள்.

போலீஸ் பயத்தால் சிகிச்சைக்கு வராதவர்கள் அதிகம். 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. தானே பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர், அரசு அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து முழுச் சிகிச்சை எடுத்தால் வழக்கு விசாரணையிலிருந்து விலக்குப் பெற வழி செய்கிறது அது. வழக்கு ஏற்கெனவே இருந்தால் வக்கீலிடம் இந்தப் பிரிவைப் பற்றிக் கேளுங்கள்.

மையத்தில் சேர்க்கும் முன்

வீட்டில் தாங்க முடியாமல் மறுவாழ்வு மையத்துக்கு போன் செய்வது வழக்கம். வண்டியில் நாலு பேர் வந்து கைகாலைக் கட்டித் தூக்கிப் போகிற மையங்களும் இருக்கின்றன. நேரில் போய்ப் பார்க்காமல் சேர்க்காதீர்கள். மனநல மருத்துவர் யார், எந்தெந்த நாள் வருகிறார், முதல் வாரம் வலிப்பு வந்தால் என்ன செய்வீர்கள், மாநில மனநல ஆணையப் பதிவுச் சான்று எங்கே, நாங்கள் எப்போது வந்து பார்க்கலாம் என்று கேளுங்கள். "மூன்று மாதம் யாரும் பார்க்கக் கூடாது" என்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் குடி, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைகளையும் தனக்குள் சேர்த்திருக்கிறது. சங்கிலியில் கட்டுவதை அது தடை செய்கிறது, கட்டாய மொட்டை அடிப்பதிலிருந்து பாதுகாப்பு தருகிறது. தன் விருப்பத்தில் சேர்ந்தவர் போகிறேன் என்றால் விட வேண்டும். அவருக்கு முடிவெடுக்கும் நிலை இல்லாமல், அவருக்கென்று நியமிக்கப்பட்டவர் கையெழுத்திட்டுச் சேர்ப்பதற்கு இரண்டு வல்லுநர்கள் தனித்தனியே பார்த்துச் சான்று தர வேண்டும், அதுவும் முதலில் 30 நாள் வரைதான். மருத்துவக் காப்பீடு வைத்திருந்தால், உடல் நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் தர வேண்டும் என்று இதே சட்டத்தின் 21-ம் பிரிவு சொல்கிறது. சேர்க்கும் முன் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் கேட்டுப் பதிலை வாங்கி வையுங்கள்.

மையத்திலிருந்து வெளியே வரும் நாளில் மூன்று தாள் கையில் இருக்க வேண்டும்: டிஸ்சார்ஜ் சுருக்கம், ஒரு மாதத்துக்கான மருந்துச் சீட்டு, அடுத்து எந்தத் தேதியில் எந்த டாக்டரைப் பார்ப்பது என்ற சீட்டு. மூன்றாவது இல்லாமல் கையெழுத்துப் போட்டுக் கூட்டி வராதீர்கள். அந்தத் தேதி முதல் ஒரு வாரத்துக்குள் இருக்கும்படி கேளுங்கள்.